பட்டிபிரஸ் தளத்தை உடைக்காமல் மாற்றியமைப்பதும், உடைந்தால் சரிசெய்வதும்

வேர்ட்பிரஸ் தளத்தில் உறுப்பினர் பக்கங்கள், குழுக்கள், தனிச்செய்தி, யார் என்ன செய்தார்கள் என்று ஓடும் ஆக்டிவிட்டி பட்டியல் எல்லாம் வேண்டுமென்றால், இலவசமாகக் கிடைப்பவற்றில் நீண்ட நாள் தாக்குப்பிடித்தது பட்டிபிரஸ் என்ற பிளகின். அதன் 1.0 பதிப்பு 2009-இல் வந்தது. தன்னார்வலர்களே பெரும்பாலும் வளர்த்துவருகிறார்கள். நிறுவுவது எளிது. சிக்கல் பிறகுதான் வருகிறது: தோற்றத்தை மாற்றினால் அடுத்த அப்டேட்டில் அழிந்துவிடும், பதிவு செய்தவருக்கு மின்னஞ்சல் போகாது, நேற்றுவரை திறந்த பக்கம் இன்று 404 (பக்கம் இல்லை) என்று காட்டும்.

இவற்றில் பெரும்பாலானவை பட்டிபிரஸின் குறையல்ல. மாற்றத்தைத் தவறான இடத்தில் செய்வதாலோ, கேஷ் (பக்கங்களின் நகலைச் சேமித்துவைத்து வேகமாகத் தரும் அமைப்பு), செக்யூரிட்டி பிளகின், மெயில் சர்வர் போன்ற வேறொரு அடுக்கு குறுக்கே நிற்பதாலோதான் வருகின்றன. எந்த அடுக்கில் கோளாறு என்று முதலில் கண்டுபிடியுங்கள், பிறகு கைவையுங்கள். கீழே உள்ள எல்லாமே இந்த ஒரு பழக்கத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கின்றன.

மெனுப் பெயர்களை ஆங்கில டாஷ்போர்டில் உள்ளபடியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம்.

கைவைக்கும் முன்

டேட்டாபேஸ், டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டர் இரண்டையும் பேக்கப் எடுங்கள். ஒன்றை மட்டும் எடுத்தால் போதாது. உறுப்பினர்களின் சுயவிவரம், குழு, செய்தி எல்லாம் டேட்டாபேஸில், வேர்ட்பிரஸின் முன்னொட்டுக்கு (வழக்கமாக டபிள்யூபி_) அடுத்து பிபி என்று வரும் டேபிள்களில் இருக்கின்றன. அவர்களின் படங்களோ அப்லோட்ஸ் ஃபோல்டருக்குள் அவதார்ஸ், குரூப்-அவதார்ஸ், பட்டிபிரஸ் என்ற மூன்று ஃபோல்டர்களில் இருக்கின்றன. டேட்டாபேஸை மட்டும் மீட்டால் எல்லோர் முகமும் சாம்பல் நிழலாகிவிடும்.

ஹோஸ்டிங்கில் ஸ்டேஜிங் வசதி (சோதனைக்கென்று தளத்தின் தனி நகல்) இருந்தால் அதிலேயே முதலில் செய்து பாருங்கள். ஆனால் ஸ்டேஜிங் நகலிலிருந்து உண்மையான உறுப்பினர்களுக்கு மின்னஞ்சல் போய்விடக்கூடும். நகல் எடுத்த கையோடு அங்கே மின்னஞ்சலை நிறுத்தும் பிளகின் ஒன்றைப் போட்டுவிட வேண்டும்.

12.0-க்குப் பிறகு முகவரிகள் மாறிவிட்டன

பழைய வழிகாட்டிகளைப் படித்துக்கொண்டு புதிய பதிப்பில் தடுமாறுபவர்கள் நிறைய. 2023 டிசம்பரில் வந்த 12.0 பதிப்பு, பட்டிபிரஸ் தன் முகவரிகளைக் கையாளும் முறையையே மாற்றியது. அதற்கு முன் மெம்பர்ஸ், குரூப்ஸ், ஆக்டிவிட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு வெற்றுப் பக்கம் உருவாக்கி இணைக்க வேண்டும். இப்போது அவை வேர்ட்பிரஸின் ரீரைட் விதிகளோடு, அதாவது எந்த முகவரிக்கு எதைக் காட்டுவது என்று சொல்லும் பட்டியலோடு, நேரடியாகச் சேர்கின்றன. அதனால்தான் பேஜஸ் மெனுவில் அவற்றைக் காணவில்லை. அழிந்துபோகவில்லை, செட்டிங்ஸ் › பட்டிபிரஸ் › யூஆர்எல்ஸ் என்ற இடத்துக்குக் குடிபெயர்ந்திருக்கின்றன.

இதிலிருந்து மூன்று விஷயங்கள். அந்தப் பக்கங்களைப் பேஜ் பில்டரில் திறந்து அலங்கரித்திருந்தால் அந்த வழி இனி இல்லை. பக்கத்தின் அமைப்பைத் தீர்மானிக்கும் டெம்ப்ளேட் கோப்புகள் வழியாகத்தான் செய்ய வேண்டும். இரண்டாவது, 12.0-க்கு முன் எழுதிய துணைப் பிளகின்கள் உறுப்பினர் முகவரியைப் பழைய ஃபங்ஷன்களைக் கொண்டு கட்டுகின்றன. அவை தவறான லிங்க் தரலாம், சில சமயம் தளத்தையே முடக்கலாம். அப்படிப்பட்ட பிளகின் ஒன்றைக் கைவிட முடியாத நிலையில், பட்டிபிரஸ் குழுவே வெளியிட்டிருக்கும் பிபி கிளாசிக் என்ற இலவசத் துணைப் பிளகினைப் போடுங்கள். பழைய முகவரி முறை, பேஜஸ் டேப், பழைய விட்ஜெட்டுகள் எல்லாம் திரும்ப வரும். ஆனால் அதை நிரந்தரத் தீர்வாக நம்பாதீர்கள். துணைப் பிளகினுக்கு மாற்று தேடும்வரை கிடைக்கும் அவகாசம் என்றே கருதுங்கள்.

மூன்றாவது, யூஆர்எல்ஸ் பக்கத்தில் ஒவ்வொரு பகுதியின் ஸ்லக்கையும் (முகவரியில் வரும் பெயர்) மாற்ற முடியும் என்பதால் கை அரிக்கும். மாற்றுவதென்றால் உறுப்பினர் சேர்வதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றினால், ஏற்கெனவே அனுப்பிய மின்னஞ்சல்களிலும் பகிர்ந்த லிங்க்குகளிலும் உள்ள பழைய முகவரிகள் செத்துவிடும்.

404 வந்தால் முதல் வேலை செட்டிங்ஸ் › பெர்மாலிங்க்ஸ் போய், எதையும் மாற்றாமல் சேவ் பட்டனை மட்டும் அழுத்துவது. ரீரைட் விதிகள் புதிதாக எழுதப்படும். அப்படியும் 404 என்றால், பட்டிபிரஸ் பகுதியின் ஸ்லக்கும் நீங்கள் உருவாக்கிய சாதாரணப் பக்கம் ஒன்றின் ஸ்லக்கும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். 'குரூப்ஸ்' என்ற பெயரில் அறிமுகப் பக்கம் ஒன்றை வைத்துவிட்டு மறந்துவிடுவது வழக்கமாக நடப்பது.

மாற்றங்களை எங்கே எழுதுவது

பிளகின்ஸ் ஃபோல்டருக்குள் பட்டிபிரஸ் என்று இருக்கும் ஃபோல்டரில் ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. அப்டேட் வரும்போது அந்த ஃபோல்டர் முழுவதும் நீக்கப்பட்டுப் புதிது வைக்கப்படும். மாற்றங்களை வைக்க இதற்கென்றே நான்கு இடங்கள் இருக்கின்றன.

நிறம், இடைவெளி, எழுத்தளவு போன்ற சின்ன மாற்றங்களுக்கு அப்பியரன்ஸ் › கஸ்டமைஸ் பக்கத்தில் உள்ள கூடுதல் சிஎஸ்எஸ் பெட்டியே போதும். அதே பக்கத்தில் 'பட்டிபிரஸ் நூவோ' என்ற பிரிவைத் திறந்தால் உறுப்பினர் மெனு கிடைமட்டமா செங்குத்தா, பட்டியல் எத்தனை பத்தியில் வர வேண்டும் என்பவற்றைக் கோடு எழுதாமலே மாற்றலாம். நூவோ என்பது 2018-இல் 3.0 பதிப்போடு வந்த டெம்ப்ளேட் தொகுப்பு. அதற்கு முந்தையது லெகசி. எது இயங்குகிறது என்பதை செட்டிங்ஸ் › பட்டிபிரஸ் › ஆப்ஷன்ஸ் பக்கத்தில் பார்க்கலாம்.

பக்கத்தின் அமைப்பையே மாற்ற டெம்ப்ளேட் ஓவர்ரைடு வேண்டும், அதாவது மூலக் கோப்புக்குப் பதிலாக உங்கள் திருத்திய நகலைப் பயன்படுத்த வைப்பது. உறுப்பினர் பட்டியலில் ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே அவருடைய ஊரைக் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சைல்ட் தீம் (மூலத் தீமைத் தொடாமல் மாற்றங்களை மட்டும் வைக்கும் துணைத் தீம்) ஒன்று இயங்கிக்கொண்டிருக்க வேண்டும், யூசர்ஸ் › ப்ரொஃபைல் ஃபீல்ட்ஸ் பக்கத்தில் 'ஊர்' என்ற கட்டம் இருக்க வேண்டும். பிறகு:

1. ஃபைல் மேனேஜரிலோ எஃப்டிபியிலோ பட்டிபிரஸ் பிளகின் ஃபோல்டரைத் திறந்து, பிபி-டெம்ப்ளேட்ஸ், அதற்குள் பிபி-நூவோ, அதற்குள் பட்டிபிரஸ், அதற்குள் மெம்பர்ஸ் என்று இறங்குங்கள். மெம்பர்ஸ்-லூப் என்ற பிஎச்பி கோப்பு அங்கே இருக்கும். அதை டவுன்லோட் செய்துகொள்ளுங்கள்.

2. சைல்ட் தீம் ஃபோல்டருக்குள் பட்டிபிரஸ் என்ற பெயரில் ஒரு ஃபோல்டரும், அதற்குள் மெம்பர்ஸ் என்ற ஃபோல்டரும் உருவாக்குங்கள். ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் மட்டும். லினக்ஸ் சர்வரில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வெவ்வேறு. ஓவர்ரைடு வேலை செய்யவில்லை என்ற புகார்களில் நிறைய இதில்தான் முடிகின்றன. கோப்பை அங்கே வையுங்கள்.

3. நகலைத் திறந்து, கடைசியாக எப்போது வந்தார் என்பதைக் காட்டும் பத்தியைத் தேடுங்கள். அதன் கிளாஸ் பெயர் லாஸ்ட்-ஆக்டிவிட்டி. அந்தப் பத்தி முடியும் இடத்துக்குக் கீழே புதிய பத்தி ஒன்று திறந்து, பிபி_மெம்பர்_ப்ரொஃபைல்_டேட்டா என்ற ஃபங்ஷனை அழையுங்கள். அதற்குத் தர வேண்டிய தகவல் ஒன்றுதான்: 'ஃபீல்ட்' என்பதன் மதிப்பாகக் கட்டத்தின் பெயர்.

4. கேஷைக் காலி செய்துவிட்டு உறுப்பினர் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

இந்த ஃபங்ஷன் கட்டத்தைப் பெயரை வைத்தே தேடுகிறது. பின்னொரு நாள் யாராவது 'ஊர்' என்பதை 'சொந்த ஊர்' என்று மாற்றினால் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் அந்த இடம் வெறுமையாகிவிடும். பெயருக்குப் பின்னால் தெரியாமல் விழுந்த ஒரு இடைவெளியும் இதே வேலையைச் செய்யும். இன்னொன்று, தொலைபேசி எண்ணை இந்தப் பட்டியலில் ஒருபோதும் எழுதாதீர்கள். இது உள்ளே நுழையாதவர்களுக்கும், தேடுபொறிகளுக்கும் தெரியும் பக்கம்.

லெகசியிலிருந்து நூவோவுக்கு மாறுபவர்கள் கவனிக்க வேண்டியது: இரண்டுக்கும் ஓவர்ரைடு ஃபோல்டரின் பெயர் ஒன்றே. லெகசிக்காக நகலெடுத்து வைத்த பழைய கோப்புகளை நூவோவும் எடுத்துக்கொள்ளும். பட்டன்கள் வேலை செய்யாது, பட்டியல் சுற்றிக்கொண்டே இருக்கும், காரணம் எங்கேயும் தெரியாது. மாறும் முன் அந்த ஃபோல்டருக்கு வேறு பெயர் வைத்துவிட்டு, நூவோவின் கோப்புகளிலிருந்து மாற்றங்களைப் புதிதாகச் செய்யுங்கள். சிஎஸ்எஸ் விஷயத்திலும் இப்படி ஒன்று உண்டு. சைல்ட் தீமின் சிஎஸ்எஸ் ஃபோல்டரில் பட்டிபிரஸ் என்ற பெயரில் கோப்பு வைத்தால், அது மூலக் கோப்போடு சேராது. அதை முழுவதும் நீக்கிவிட்டு அதன் இடத்தில் உட்காரும். நான்கு வரி மாற்றத்துக்காக இதைச் செய்தால் பக்கம் அம்மணமாக நிற்கும்.

கடைசி இடம் பிபி-கஸ்டம் என்ற பிஎச்பி கோப்பு. இதைப் பிளகின்ஸ் ஃபோல்டரில் நேரடியாக வைக்க வேண்டும், பட்டிபிரஸ் ஃபோல்டருக்குள் அல்ல. ஆக்டிவேட் செய்யத் தேவையில்லை. தீம் மாறினாலும் தொடர்ந்து இயங்கும். சில கான்ஸ்டன்ட்களை (ஒருமுறை வரையறுத்தால் மாறாத மதிப்புகள்) இங்கே எழுதினால்தான் பலிக்கும், ஏனென்றால் தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பு படிக்கப்படும் நேரத்தில் பட்டிபிரஸ் தன் மதிப்புகளை முடிவு செய்துவிட்டிருக்கும். சுயவிவரப் படத்தின் அளவையும் இங்கேயே எழுதுங்கள். இயல்பாகப் பெரிய படம் 150-க்கு 150 பிக்சல், சிறியது 50-க்கு 50. பிபி_அவதார்_ஃபுல்_விட்த், பிபி_அவதார்_ஃபுல்_ஹைட் இரண்டையும் இங்கே 300 என்று வரையறுத்தால் இனி ஏற்றப்படும் படங்கள் அந்த அளவில் வெட்டப்படும். ஏற்கெனவே ஏற்றியவை 150-லேயே இருந்து மங்கலாக இழுபடும். உறுப்பினர்கள் மறுபடி ஏற்றினால்தான் தெளியும் என்பதால் இதையும் தொடக்கத்திலேயே முடிவு செய்வது நல்லது.

இந்தக் கோப்பில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனாலும் தளம் மொத்தமும் நின்றுவிடும். டாஷ்போர்டு எடிட்டரை நம்பாமல் எஃப்டிபி திறந்த நிலையில் மட்டும் திருத்துங்கள். நின்றுவிட்டால் கோப்பின் பெயரை மாற்றினால் போதும், தளம் எழுந்துவிடும். பிஎச்பி தொடக்கக் குறிக்கு முன்னால் ஒரு காலி வரி இருந்தாலும் 'ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்' என்ற பிழை வந்து லாகின் கெடும்.

சுயவிவரக் கட்டங்களும் அந்தரங்கமும்

கட்டம் சேர்ப்பது எளிது. அதன் வலப்பக்கத்துச் சின்னப் பெட்டிகளைத்தான் யாரும் பார்ப்பதில்லை. புதிய கட்டம் ஒவ்வொன்றின் இயல்பான நிலை 'எவரிஒன்', அதாவது உலகமே பார்க்கலாம். தொலைபேசி, பிறந்தநாள், முகவரி கேட்கும் கட்டமென்றால் விசிபிலிட்டி பெட்டியில் 'ஒன்லி மீ' அல்லது 'ஆல் மெம்பர்ஸ்' என்று மாற்றி, உறுப்பினரே மாற்றிக்கொள்ளலாமா கூடாதா என்பதையும் அங்கேயே தீர்மானியுங்கள். தேவையே இல்லாத தகவலைக் கேட்காமலிருப்பது இன்னும் நல்லது.

ஆட்டோலிங்க் என்ற பெட்டி, உறுப்பினர் எழுதிய சொற்களைத் தேடல் லிங்க்காக மாற்றும். 'ஊர்', 'தொழில்' போன்றவற்றுக்குப் பயன்படும். 'என்னைப் பற்றி' என்ற நீண்ட பத்தியில் இது கண்ட இடத்திலெல்லாம் நீலக்கோடு போடும், அங்கே அணைத்துவிடுங்கள். வேண்டாத கட்டத்தை டெலீட் செய்தால் அதில் எல்லோரும் நிரப்பிய விவரமும் சேர்ந்தே போய்விடக்கூடும்.

8.0 பதிப்பிலிருந்து பதிவுப் படிவத்தில் எந்தக் கட்டங்கள் வர வேண்டும் என்பதை 'சைன்அப் ஃபீல்ட்ஸ்' டேபில் இழுத்து வைத்துத் தேர்ந்தெடுக்கலாம். அதற்கு முன் முதல் தொகுப்பில் இருப்பவை மட்டுமே வந்தன.

தமிழ்த் தளமென்றால்

பயனர்பெயர் தமிழில் வைக்க முடியாது. வேர்ட்பிரஸ் பதிவின்போது ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் தவிர மற்றவற்றை ஏற்காது. தமிழில் தட்டினால் படிவம் பிழை காட்டித் திருப்பி அனுப்பும். பெயர்க் கட்டத்தில் தாராளமாகத் தமிழில் எழுதலாம். தளம் முழுவதும் தெரிவது அந்தப் பெயர்தான். ஒருவரை அட் குறியோடு அழைக்கும்போது மட்டும் ஆங்கிலப் பயனர்பெயர் தேவைப்படும். பதிவுப் பக்கத்திலேயே 'பயனர்பெயர் ஆங்கிலத்தில், உங்கள் பெயர் தமிழில்' என்று ஒரு வரி எழுதி வைத்தால் பாதிப்பேர் திரும்பிப் போவதைத் தடுக்கலாம்.

குழுவின் முகவரியில் வேறொரு சிக்கல். குழுவின் பெயரிலிருந்தே ஸ்லக் உருவாகிறது. யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட். முகவரியில் அது விழுக்காட்டுக் குறியோடு ஒன்பது எழுத்தாக விரியும். 'கவிதைகள்' என்ற சொல்லில் துணைக்குறிகளும் புள்ளியும் சேர்த்து எட்டுக் குறியீடுகள், ஆக 72 எழுத்து. ஸ்லக்கின் எல்லை 200. 'திருநெல்வேலி வாசகர் வட்டம்' என்று குழு தொடங்கினால் 218 ஆகும். வேர்ட்பிரஸ் கடைசி 'ம்'-ஐ வெட்டி 'வட்ட' என்று நிறுத்திவிடும். குழு வேலை செய்யும். ஆனால் வாட்ஸ்அப்பில் அந்த லிங்க்கை ஒட்டினால் விழுக்காட்டுக் குறிகள் வரிசையாக நான்கு வரி நீளும். இதற்கு வழி: டாஷ்போர்டில் குரூப்ஸ் மெனுவில் அந்தக் குழுவின் எடிட் பக்கத்தைத் திறந்து, பெயருக்குக் கீழே உள்ள பெர்மாலிங்க்கை ஆங்கிலத்தில் சுருக்கமாகத் திருத்துவது. குழு தொடங்கிய அன்றே செய்துவிட்டால் யாருக்கும் லிங்க் உடையாது.

தமிழில் எழுதியது கேள்விக்குறிகளாக மாறினால் டேட்டாபேஸைப் பாருங்கள். பிஎச்பிமைஅட்மின் என்ற டேட்டாபேஸ் கருவியில், பெயரில் பிபி வரும் டேபிள்களின் கொலேஷன் பத்தியில் யூடிஎஃப்8எம்பி4 என்று இருக்க வேண்டும். 2015-இல் 4.2 பதிப்பு முதல் வேர்ட்பிரஸ் இதைத்தான் பயன்படுத்துகிறது. பழைய தளத்தைப் பல ஹோஸ்டிங் மாற்றி எடுத்து வந்திருந்தால் லத்தீன்1 என்று எஞ்சியிருக்கலாம். பேக்கப் எடுத்துவிட்டு டேபிள்களை மாற்றலாம். இனி எழுதுபவை சரியாக வரும். ஏற்கெனவே கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டவை திரும்பாது, பழைய பேக்கப்பில் இருந்தால்தான் உண்டு.

மொழிபெயர்ப்பில் குறை தெரிந்தால் லோக்கோ டிரான்ஸ்லேட் என்ற மொழிபெயர்ப்புப் பிளகினில் பட்டிபிரஸைத் தேர்ந்தெடுத்துத் திருத்துங்கள். வேர்ட்பிரஸில் இந்தியத் தமிழும் இலங்கைத் தமிழும் தனித்தனி மொழிக் குறியீடுகள். தளம் எதில் இருக்கிறதோ அதற்குக் கோப்பு உருவாக்குங்கள். சேமிக்கும் இடமாக 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்ற இடங்களில் சேமித்தால் அடுத்த மொழி அப்டேட் உங்கள் சொற்களை மேலெழுதிவிடும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் உறுப்பினர் பக்கத்து மெனு கைபேசியில் இரண்டு மூன்று வரியாக மடியும். கஸ்டமைஸ் பக்கத்தில் அந்த மெனுவைச் செங்குத்தாக்கினால் நன்றாக அமைகிறது.

மின்னஞ்சல் போகவில்லை

எல்லாப் பழுதுகளிலும் அதிகம் கேட்கப்படுவது இதுதான்: பதிவு செய்தவருக்கு ஆக்டிவேஷன் மின்னஞ்சல் வரவில்லை. முதலில் காத்திருப்பவரை உள்ளே விடுங்கள். யூசர்ஸ் பக்கத்தின் மேலே 'பெண்டிங்' என்ற லிங்க் இருக்கும். அதில் அவர் பெயரின் கீழ் ஆக்டிவேட் அழுத்தினால் உறுப்பினராகிவிடுவார். மின்னஞ்சலை மறுபடி அனுப்பும் லிங்க்கும் அங்கேயே உண்டு.

பிறகு காரணத்தைத் தேடுங்கள். லாகின் பக்கத்தில் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்பதை அழுத்திப் பாருங்கள். இது வேர்ட்பிரஸே அனுப்பும் மின்னஞ்சல். இதுவும் வரவில்லையென்றால் பட்டிபிரஸைத் தொடவே வேண்டாம், சர்வரில்தான் கோளாறு. எஸ்எம்டிபி (மின்னஞ்சல் அனுப்பும் முறை) பிளகின் ஒன்றைப் போட்டு முறையான அனுப்பும் கணக்கோடு இணையுங்கள். டொமைனின் டிஎன்எஸ்ஸில், அனுப்புவது நீங்கள்தான் என்று நிரூபிக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், தனக்கு அனுப்புபவர் எவரானாலும் இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்கிறது. நாளுக்கு 5000-க்கு மேல் அனுப்பினால் இரண்டோடு, அந்தச் சோதனையில் தோற்றால் என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் பதிவும் வேண்டும்.

கடவுச்சொல் மின்னஞ்சல் வருகிறது, ஆக்டிவேஷன் மட்டும் வரவில்லை என்றால் இரண்டு இடங்கள். டாஷ்போர்டில் ஈமெயில்ஸ் என்று ஒரு மெனு இருக்கும். பட்டிபிரஸ் அனுப்பும் ஒவ்வொரு மின்னஞ்சலும் அங்கே ஒரு பதிவாக இருக்கிறது. வலப்பக்கம் 'சிச்சுவேஷன்ஸ்' பெட்டியில் அது எந்த நிகழ்வுக்கு உரியது என்று டிக் செய்யப்பட்டிருக்கும். யாராவது அந்தப் பதிவை அழித்திருந்தாலோ டிக்கை எடுத்திருந்தாலோ அந்த நிகழ்வுக்கு எதுவும் போகாது. டூல்ஸ் › பட்டிபிரஸ் பக்கத்தில் 'ரீஇன்ஸ்டால் ஈமெயில்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் மூல வடிவத்துக்குத் திரும்பும். எல்லாம் என்றால் நீங்கள் தமிழில் திருத்தி வைத்த வாசகங்களும் சேர்த்துத்தான். முதலில் அவற்றை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாசகத்தைத் திருத்தும்போது நெளிவு அடைப்புக்குள் இருக்கும் டோக்கன்களை மொழிபெயர்க்காதீர்கள். லிங்க் தரும் டோக்கன்களைச் சுற்றி மூன்று அடைப்புகள் இருக்கும்; பெயர் போன்றவற்றுக்கு இரண்டு. மூன்றை இரண்டாக்கினால் லிங்க்கில் உள்ள குறிகள் உருமாறி, அழுத்தினால் திறக்காத முகவரியாகலாம்.

இரண்டாவது இடம் கொஞ்சம் உள்ளே இருக்கிறது. பட்டிபிரஸ் வேர்ட்பிரஸின் வழக்கமான மெயில் ஃபங்ஷனைப் பயன்படுத்தாமல், எச்டிஎம்எல் வடிவில் அனுப்பத் தன் சொந்த மெயிலர் ஒன்றை வைத்திருக்கிறது. ஏபிஐ வழியாக அனுப்பும் மெயில் பிளகின்களில் சில, வழக்கமான ஃபங்ஷனை மட்டுமே மடக்கிப் பிடிக்கும். அப்போது பட்டிபிரஸ் மின்னஞ்சல்கள் மட்டும் சர்வரின் பழைய வழியில் போய் ஸ்பாமில் விழும், அல்லது போகவே போகாது. மெயில் பிளகினின் லாக் பட்டியலில் கடவுச்சொல் மின்னஞ்சல் பதிவாகி, ஆக்டிவேஷன் மின்னஞ்சல் பதிவாகாமலிருப்பதே இதன் அடையாளம். பிபி-கஸ்டம் கோப்பில், பிபி_ஈமெயில்_யூஸ்_டபிள்யூபி_மெயில் என்ற ஃபில்டரோடு வேர்ட்பிரஸின் ரிட்டர்ன்_ட்ரூ ஃபங்ஷனை இணைக்கும் ஒரே வரியைச் சேர்த்தால் எல்லாம் வழக்கமான பாதைக்கு வந்துவிடும். விலை ஒன்று உண்டு: அதன் பிறகு மின்னஞ்சல்கள் அலங்காரமில்லாத வெற்று எழுத்தாகப் போகும். அழகாக வராமலிருப்பதைவிட எளிமையாக வந்து சேர்வதே மேல்.

கேஷும் ஏஜாக்ஸும்

ஒரு உறுப்பினரின் பெயரோ அறிவிப்போ இன்னொருவர் திரையில் தெரிந்தால், மற்ற வேலையை விட்டுவிட்டுப் பேஜ் கேஷை உடனே அணையுங்கள். அது அந்தரங்க மீறல். பெரும்பாலான கேஷ் பிளகின்கள் உள்ளே நுழைந்தவர்களுக்குச் சேமித்த பக்கத்தைத் தருவதில்லை. ஆனால் ஹோஸ்டிங்கின் சர்வர் கேஷும், 'எல்லாவற்றையும் சேமி' என்று அமைத்த சிடிஎன் (பக்கங்களை வேறு சர்வர்களிலிருந்து தரும் சேவை) விதியும் லாகின் குக்கியைப் பார்க்காமலே தந்துவிடும். மெம்பர்ஸ், குரூப்ஸ், ஆக்டிவிட்டி, ரெஜிஸ்டர், ஆக்டிவேட் முகவரிகளை எல்லா அடுக்கிலும் விலக்கி வையுங்கள்.

ரெஜிஸ்டர் பக்கத்தை விலக்கத் தனிக் காரணம் இருக்கிறது. படிவத்துக்குள் நான்ஸ் என்ற பாதுகாப்புக் குறி ஒன்று இருக்கிறது. அதன் ஆயுள் அதிகபட்சம் 24 மணி நேரம். மூன்று நாள் பழைய பக்கத்தைக் கேஷ் கொடுத்தால் யார் பதிவு செய்தாலும் தோற்கும். கேஷைக் காலி செய்ததும் சரியாகி, இரண்டு நாளில் மறுபடி வரும் பதிவுக் கோளாறு என்றால் அநேகமாக இதுதான்.

பட்டன் அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை, ஆக்டிவிட்டி பட்டியல் வராமல் சுற்றுகிறது என்றால் பிரௌசரில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் டேபைத் திறந்துவிட்டு பட்டனை மறுபடி அழுத்துங்கள். அட்மின்-ஏஜாக்ஸ் என்று ஒரு வரி வரும், பக்கத்தை மீண்டும் திறக்காமல் சர்வரைக் கேட்கும் கோரிக்கை அது. அதன் பதிலைப் படியுங்கள். 403 வந்து, பதில் கழித்தல் 1 இல்லையென்றால் செக்யூரிட்டி பிளகினோ சர்வரின் மாட்செக்யூரிட்டி என்ற பாதுகாப்பு வடிகட்டியோ தடுக்கிறது. பதில் கழித்தல் 1 என்றால் நான்ஸ் காலாவதி, அதாவது மறுபடி கேஷ். 400 நிலையோடு வெறும் பூஜ்யம் வந்தால் அந்த வேலையைச் செய்யும் பகுதி இயங்கவில்லை, அல்லது லாகின் முடிந்துவிட்டது. அப்படி ஒரு வரியே வரவில்லையென்றால் கன்சோல் டேபில் சிவப்பு எழுத்து இருக்கும். ஜாவாஸ்கிரிப்டைச் சுருக்கி, சேர்த்து, தள்ளிப்போடும் ஆப்டிமைசேஷன் பிளகினே பெரும்பாலும் காரணம். சுயவிவரப் படத்தை வெட்டும் கருவி உறைந்து நிற்பதும் இதே காரணத்தால்தான். வெட்டும்போது மட்டும் பிழை வந்தால் சர்வரில் ஜிடி அல்லது இமேஜிக் நீட்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

குழு நிர்வாகிக்கு மட்டும் 'மேனேஜ் மெம்பர்ஸ்' பக்கம் காலியாக இருந்தால் கவனியுங்கள்: அந்தப் பக்கம், தகவலைக் கேட்டுப் பெறும் வேர்ட்பிரஸ் வழியான ரெஸ்ட் ஏபிஐ மூலம் இயங்குகிறது. பாதுகாப்புக்கென்று ரெஸ்ட் ஏபிஐயை மொத்தமாக மூடும் அமைப்பு எதையாவது இயக்கியிருப்பீர்கள்.

பகிர்ந்த ஹோஸ்டிங்கில் தளம் திணறினால் செட்டிங்ஸ் › பட்டிபிரஸ் › ஆப்ஷன்ஸ் பக்கத்தில் ஆக்டிவிட்டி ஆட்டோ-ரெஃப்ரெஷை அணைத்துப் பாருங்கள். திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ஆக்டிவிட்டி பக்கமும் 15 வினாடிக்கு ஒருமுறை சர்வரைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தால் நிமிடத்துக்கு 160 கோரிக்கைகள். அவை கேஷில் அடங்காதவை.

எதுவும் பிடிபடாதபோது

டபிள்யூபி-கன்ஃபிக் கோப்பில் டபிள்யூபி_டீபக், டபிள்யூபி_டீபக்_லாக் இரண்டையும் ட்ரூ என்றும், டபிள்யூபி_டீபக்_டிஸ்ப்ளேயை ஃபால்ஸ் என்றும் வையுங்கள். பிழையை மறுபடி நிகழ்த்திவிட்டு, டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டரில் உருவாகும் டீபக் லாக் கோப்பின் கடைசி வரிகளைப் படியுங்கள். 'ஃபேட்டல்' என்ற சொல் இருக்கும் வரியில் கோப்பின் பாதை இருக்கும். அதில் பிளகின்ஸ் என்பதற்கு அடுத்து வரும் ஃபோல்டர் பெயரே முதல் சந்தேகம். அனேக நேரம் அது பட்டிபிரஸாக இருக்காது. வேலை முடிந்ததும் லாகை அணைத்துக் கோப்பை அழித்துவிடுங்கள். பல சர்வர்களில் அதை வெளியாள் திறந்து படிக்க முடியும்.

லாகில் ஒன்றுமில்லையென்றால் ஹெல்த் செக் அண்ட் ட்ரபிள்ஷூட்டிங் பிளகினைப் போடுங்கள். அதன் சோதனை முறையில் உங்களுக்கு மட்டும் மற்ற பிளகின்களும் தீமும் அணைந்திருக்கும். வருகிறவர்களுக்குத் தளம் வழக்கம்போலத் தெரியும். பட்டிபிரஸை மட்டும் இயக்கி, இயல்பான தீமில் பிழை வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வாருங்கள். பிபி-கஸ்டம் கோப்பு இந்தச் சோதனையில் தானாக அணையாது, அதன் பெயரைக் கையால் மாற்றிவைத்துச் சோதியுங்கள். டாஷ்போர்டே திறக்காத நிலையில், நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு வேர்ட்பிரஸ் மீட்பு லிங்க் அனுப்பியிருக்கும். 2019-இல் வந்த 5.2 முதல் இந்த வசதி உண்டு.

சிலது பழுதுபோலத் தெரியும், ஆனால் பழுதல்ல. பழைய தளத்திலிருந்து 300 பேரை இறக்குமதி செய்தீர்கள், உறுப்பினர் பட்டியலில் ஒருவரையும் காணோம் என்றால், அவர்கள் இன்னும் ஒருமுறைகூட லாகின் செய்யவில்லை என்று பொருள். கடைசியாக வந்த நேரத்தைக் கொண்டே பட்டியல் அடுக்கப்படுவதால், நேரமே இல்லாதவர் வரமாட்டார். உள்ளே வந்ததும் தெரிவார். நண்பர் எண்ணிக்கை, குழு எண்ணிக்கை தப்பாகக் காட்டினால் டூல்ஸ் › பட்டிபிரஸ் பக்கத்தில் அந்தந்த ரிப்பேரை ஓட்டுங்கள்; ஒரு நேரத்தில் ஒன்று.

போலிப் பதிவுகள் குவிந்தால் கேப்சாவுக்கு முன் இன்னொன்றை யோசியுங்கள். 10.0 பதிப்பிலிருந்து பதிவை விண்ணப்பமாக மாற்றி, நிர்வாகி ஒப்புதல் தந்தபின் மட்டும் சேர்க்கும் வசதி இருக்கிறது. நாளுக்குச் சில பேர் சேரும் ஊர்ச் சங்கம், பள்ளி முன்னாள் மாணவர் தளம் போன்றவற்றுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. தளத்தையே உறுப்பினர்களுக்கு மட்டும் என்று மூட வேண்டுமானால் 12.0 முதல் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் கம்யூனிட்டி விசிபிலிட்டி அமைப்பு இருக்கிறது. தனிப் பிளகின் தேவையில்லை.

பெரிய அப்டேட் ஒவ்வொன்றுக்கும் முன், சைல்ட் தீமில் நீங்கள் நகலெடுத்து வைத்த டெம்ப்ளேட் கோப்புகளைத் திறந்து தலைப்பகுதியைப் பாருங்கள். வெர்ஷன் என்று ஒரு வரி இருக்கும். புதிய பட்டிபிரஸில் அதே கோப்பின் தலையில் உள்ள எண் கூடியிருந்தால், ஏதோ மாறியிருக்கிறது. புதிய கோப்பை எடுத்து, உங்கள் மாற்றத்தை அதில் மறுபடி எழுதி, ஸ்டேஜிங்கில் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். எந்தக் கோப்பில் எந்த வரியைச் சேர்த்தீர்கள் என்று சைல்ட் தீம் ஃபோல்டரிலேயே ஒரு குறிப்புக் கோப்பு வைத்திருந்தால் இது கால் மணி நேர வேலை. இல்லாவிட்டால் ஒரு நாள் போய்விடும்.